ஃபியூல் செல்லுக்குள்ள தண்ணி கட்டிக்குதா? புதுசா ஸ்டாக் ஓட்டுறவங்களுக்கு

"அண்ணே, வோல்டேஜ் இறங்கிக்கிட்டே போகுது, ஃபேனைக் கூட்டவா குறைக்கவா?" காரைக்குடி, தேவகோட்டை பக்கம் காலேஜ்ல ப்ராஜெக்ட்டுக்குன்னு ஹைட்ரஜன் ஸ்டாக், அதாவது ஹைட்ரஜனையும் காத்தையும் வாங்கி கரண்ட் கொடுக்கிற செல்லுங்களை அடுக்கி வச்ச கட்டு, வாங்குற தம்பிங்க தங்கச்சிங்க போன் பண்ணா மொதல் கேள்வி இதான். நான் சொல்ற மொதல் பதில், எதையும் தொடாத. தண்ணி ஜாஸ்தியானாலும் வோல்டேஜ் இறங்கும், தண்ணி பத்தலைன்னாலும் இறங்கும், ஒண்ணுக்குப் பண்ற வைத்தியம் இன்னொண்ணை இன்னும் கெடுத்து விட்டுரும். அதனால இந்தக் கட்டுரையில பாதி, எது நடக்குதுன்னு கண்டுபிடிக்கிறதைப் பத்தித்தான், சரி பண்றது அதுக்கப்புறம்.

நான் பேசப்போறது பெம் வகை செல்லை, அதாவது நடுவுல பிளாஸ்டிக் மெம்ப்ரேன் இருக்கிறது, 80 டிகிரிக்குக் கீழ ஓடுறது. நீங்க கையில வச்சிருக்கிறது அனேகமா இதுவாத்தான் இருக்கும்.

தண்ணி எங்கேருந்து வருது

ஆனோடு, அதாவது ஹைட்ரஜன் உள்ள வர்ற பக்கம், அங்க ஹைட்ரஜன் உடைஞ்சு புரோட்டானும் எலக்ட்ரானும் ஆகுது. எலக்ட்ரான் வயர் வழியா சுத்திக்கிட்டு வருது, புரோட்டான் மெம்ப்ரேன் வழியா குறுக்க போகுது, ரெண்டும் கேத்தோடுல, அதாவது காத்து வர்ற பக்கத்துல, ஆக்சிஜனோட சேந்து தண்ணி ஆகுது. இதுல சிக்கல் என்னன்னா அந்த மெம்ப்ரேன் ஈரமா இருந்தாத்தான் புரோட்டானை விடும், காஞ்சு போச்சுன்னா ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு புரோட்டானும் போகும்போது கொஞ்சம் தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகுது, அதனால கரண்ட் கூடக்கூட ஆனோடு காயும், கேத்தோடுல தண்ணி சேரும். சேர்ந்த தண்ணியில கொஞ்சம் மெம்ப்ரேன் வழியா ஆனோடுக்கே திரும்பி ஊறும். ஆக ஒரே செல்லுல ஒரு பக்கம் வறட்சியும் இன்னொரு பக்கம் வெள்ளமும் ஒரே நேரத்துல இருக்க முடியும், புதுசா வர்றவங்க குழம்புற இடம் இதுதான்.

இது இன்னைக்கு நேத்து வந்த தலைவலி இல்ல. 1965ல ஜெமினி 5 விண்கலத்துல பெம் செல் பறந்தப்பவே, மேல புவியீர்ப்பு இல்லாம தண்ணி எப்படி வெளிய வரும்னு யோசிச்சு, திரி வச்சு உறிஞ்சி எடுத்தாங்க. நமக்கு புவியீர்ப்பு ஓசியில கிடைக்குது, அதை எப்படி யூஸ் பண்றதுன்னு கீழ சொல்றேன்.

மொதல் வேலை: எவ்வளவு தண்ணி வரணும்னு கணக்குப் போடுங்க

பேப்பர் எடுங்க. ஒரு செல், ஒரு ஆம்ப், ஒரு மணி நேரம், 0.336 கிராம் தண்ணி. இது ஃபாரடே விதியிலிருந்து நேரா வர்றது, எந்தக் கம்பெனி ஸ்டாக்கா இருந்தாலும் மாறாது. 20 செல் ஸ்டாக்கை 8 ஆம்புல ஓட்டுறீங்கன்னா 20 பெருக்கல் 8 பெருக்கல் 0.336, மணிக்கு சுமார் 54 கிராம். பாதி டீ கிளாஸ் தான், இவ்வளவுதானான்னு தோணும். ஆனா அது போக வேண்டிய வழி ஒரு மில்லிமீட்டர் அகலச் சானல், அதுக்கு முன்னாடி கார்பன் பேப்பர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க, அங்க இந்த அளவே ரொம்ப ஜாஸ்தி.

அதே ஸ்டாக்குக்கு காத்துக் கணக்கும் போட்டு வச்சிக்கங்க. ஒரு செல்லுக்கு ஒரு ஆம்புக்கு நிமிஷத்துக்கு சுமார் 18 மில்லிலிட்டர் காத்து கட்டாயம் வேணும், நடைமுறையில அதுல ரெண்டு மடங்கு விடுவோம், இந்த மடங்கைத்தான் ஸ்டாய்க்னு சுருக்கமா சொல்றது. 20 செல், 8 ஆம்ப், ஸ்டாய்க் 2ன்னா நிமிஷத்துக்கு 5.8 லிட்டர் கிட்ட வரும். மீன் தொட்டிக்குப் போடுற சின்ன பம்ப்பை மாட்டிட்டு ஏன் ஓடலைன்னு கேக்குறவங்க இந்தக் கணக்கை மொதல்ல போட்டுப் பாருங்க.

ரெண்டாவது: டெம்பரேச்சரையும் காத்தையும் சேத்துப் பாருங்க

என்னைக் கேட்டா இந்த மொத்த விஷயத்துலயும் இதுதான் சாவி. வெளிய போற காத்து ஆவியா எவ்வளவு தண்ணியைத் தூக்கிக்கிட்டுப் போகும்கிறது டெம்பரேச்சரைப் பொறுத்தது, அது நேர்கோட்டுல ஏறாது, குபுகுபுன்னு ஏறும். 40 டிகிரியில தண்ணியோட ஆவி அழுத்தம் 7.4 கிலோபாஸ்கல், 60ல 19.9, 80ல 47.4. இப்ப ஸ்டாய்க் 2, சாதாரண காத்தழுத்தம்னு வச்சுக் கணக்குப் போட்டா, 40 டிகிரி ஸ்டாக்ல உருவாகுற தண்ணியில மூணுல ரெண்டு பங்கு திரவமாவே உள்ள நிக்கும், 60 டிகிரிக்கு வந்தீங்கன்னா கிட்டத்தட்ட எல்லாமே ஆவியாப் போயிடும். 60ஐத் தாண்டுனா காத்து மெம்ப்ரேன்லயே கைய வச்சு உறிஞ்ச ஆரம்பிக்கும். ஸ்டாய்க்கை 4 ஆக்குனா இந்த எல்லை 46 டிகிரிக்கு இறங்கி வந்துரும். அதனால 'என் ஸ்டாக் வெள்ளத்துல இருக்கா வறட்சியில இருக்கா'ன்னு கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ரெண்டே நம்பர், ஸ்டாக் டெம்பரேச்சர் எவ்வளவு, காத்து எத்தனை மடங்கு. 45 டிகிரி, ஸ்டாய்க் 2ன்னு சொன்னீங்கன்னா போன்லயே வெள்ளம்னு சொல்லிரலாம்.

நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, ஐப்பசி கார்த்திகையில மழைக் காத்து ஈரமா இருக்கு, அதான் ஸ்டாக் ஃப்ளட் ஆகுதுன்னு. கணக்குப் போட்டா அப்படி இல்ல. சித்திரை மத்தியானம் 38 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம், அந்தக் காத்துல இருக்கிற தண்ணி ஆவி சுமார் 2.7 கிலோபாஸ்கல். மழை நாள் 27 டிகிரி, 90 சதவீதம், அது 3.2. ரெண்டையும் 60 டிகிரி ஸ்டாக்குக்குள்ள விட்டா ஒண்ணு 13 சதவீத ஈரப்பதம், இன்னொண்ணு 16 சதவீதம், செல்லுக்கு ரெண்டும் வறண்ட காத்துதான். மழை நாள்ல மாறுறது ஸ்டாக்கோட உடம்புச் சூடு. வெளிய குளிர்ந்து கெடக்கு, நீங்களும் லோடு கம்மியா வச்சிருக்கீங்க, ஸ்டாக் 35 டிகிரியைத் தாண்டவே மாட்டேங்குது, ஆவியா போக வேண்டியதெல்லாம் சொட்டா நின்னுருது. வைத்தியம் காத்தைக் காய வைக்கிறதுல இல்ல, ஸ்டாக்கைச் சூடாக்குறதுல இருக்கு.

இன்னொண்ணு, உங்க ஸ்டாக் எந்த ரகம்னு பாருங்க. ஃபேன் ஒண்ணு மாட்டி, அந்தக் காத்தே சுவாசத்துக்கும் குளிர்ச்சிக்கும்னு இருந்தா அது ஓப்பன் கேத்தோடு. அதுல தேவைக்கு மேல பல மடங்கு காத்து ஓடுறதால கேத்தோடு பெரும்பாலும் காயத்தான் செய்யும், தண்ணி கட்டுறது மூடி வச்ச ஆனோடு பக்கத்துல. காத்தை பம்ப் வச்சு குழாய்ல விடுறது குளோஸ்டு கேத்தோடு, அங்க வெள்ளம் கேத்தோடுல. யூடியூப்ல ஒரு ரகத்துக்குச் சொன்னதை இன்னொண்ணுல செஞ்சு பாத்துட்டு ஸ்டாக் சரியில்லைன்னு சொல்றது ரொம்ப நடக்குது.

மூணாவது: வெள்ளமா, வறட்சியா

மொத்த வோல்டேஜை மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொரு செல்லுலயும் தனித்தனியா வயர் எடுத்து வோல்டேஜ் பாருங்க. லோடுல ஒரு செல் 0.6லேருந்து 0.7 வோல்ட் வரைக்கும் இருந்தா நல்லா இருக்கு. எல்லா செல்லும் ஒண்ணா, மெதுவா, வழவழன்னு இறங்குதுன்னா வறட்சி மேல சந்தேகப்படுங்க. ஒண்ணு ரெண்டு செல் மட்டும், அதுவும் ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி, திடீர்னு விழுந்து, கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சா அது தண்ணிச் சொட்டோட வேலை. சொட்டு சானலை அடைக்குது, பின்னாடி காத்து அழுத்தம் சேருது, சொட்டைத் தள்ளுது, செல் மூச்சு விடுது, திரும்ப அடுத்த சொட்டு. பெரும்பாலும் ஓரத்துல இருக்கிற செல்லுதான் மொதல்ல மாட்டும், ஏன்னா என்ட் பிளேட், அதாவது ஸ்டாக்கை ரெண்டு முனையிலயும் அழுத்திப் பிடிக்கிற தகடு, அந்தப் பக்கம் சூடு கம்மி.

ஒரு மழை சாயங்காலம் தம்பி ஒருத்தர் லேப்ல இதை நேர்ல பாத்தோம். வெளிய போற காத்துக் குழாய் கண்ணாடி மாதிரி தெரியிற சிலிக்கான் ஹோஸ், அதுல தண்ணி ஒரு துண்டா வந்து வளைவுல நின்னு நடுங்கிக்கிட்டு இருக்கு, கடைசி செல் 0.62லேருந்து 0.38க்கு விழுது, துண்டு 'பொளக்'குனு வெளிய விழுந்த அடுத்த செகண்டு திரும்ப 0.6. "இவ்வளவு நாளா லூஸ் கனெக்ஷன்னு நெனச்சு வயரை மாத்திக்கிட்டு இருந்தேன்ணே"ன்னார் தம்பி. அந்த ஹோஸ் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறி பீக்கருக்குப் போயிருந்துச்சு. ஸ்டாக்லேருந்து பீக்கர் வரைக்கும் ஒரே சரிவா இறக்கி விட்டோம், பாதி பிரச்சினை அங்கயே போச்சு.

கையில 1 கிலோஹெர்ட்ஸ் மில்லிஓம் மீட்டர் இருந்தா, லித்தியம் பேட்டரிக்கு உள் ரெசிஸ்டன்ஸ் பாக்குற நாலு வயர் மீட்டர் போதும், இன்னும் தெளிவாத் தெரியும். உங்க ஸ்டாக்கோட மொத்த வோல்டேஜை அந்த மீட்டர் தாங்குமான்னு பாத்துட்டு மாட்டுங்க. வோல்டேஜ் இறங்கும்போது ரெசிஸ்டன்ஸ் ஏறுதுன்னா மெம்ப்ரேன் காயுது. ரெசிஸ்டன்ஸ் அப்படியே இருக்கு, வோல்டேஜ் மட்டும் விழுதுன்னா வெள்ளம். லோடு பேரலல்ல இருக்கிறதால நம்பர் துல்லியமா வராது, ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாருங்க. குளோஸ்டு கேத்தோடுன்னா காத்து உள்ள போற இடத்துக்கும் வெளிய வர்ற இடத்துக்கும் நடுவுல அழுத்த வித்தியாசம் பாக்குற மானோமீட்டரும் வைங்க, தண்ணி சேரச்சேர அது ஏறும்.

மீட்டர் எதுவும் இல்லைன்னா காத்தை 15, 20 செகண்டு மட்டும் கூட்டிப் பாருங்க. உடனே வோல்டேஜ் துள்ளிச்சுன்னா வெள்ளம். ஒண்ணும் ஆகல, இல்ல இன்னும் மெதுவா இறங்குதுன்னா வறட்சி, காத்தைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துருங்க.

நாலாவது: தண்ணியை வெளியேத்துறது

வெள்ளம்னு உறுதி ஆச்சா, சூட்டை ஏத்துங்க. ஸ்டாக்கை 55, 60 டிகிரிக்குக் கொண்டு வாங்க, கூலிங் ஃபேனைக் குறைச்சோ, தண்ணி கூலிங்னா அந்த பம்ப்பைக் குறைச்சோ. உங்க ஸ்டாக் மேனுவல்ல போட்டிருக்கிற மேல் எல்லையை மட்டும் தாண்டாதீங்க, சின்ன ஓப்பன் கேத்தோடு ஸ்டாக் சிலதுக்கு அந்த எல்லையே கம்மியா இருக்கும். சூடு ஏறியும் போகலைன்னா காத்தைக் கொஞ்ச நேரம் கூட்டி அடிங்க. எப்பவுமே ஜாஸ்தி காத்துல விட்டுறாதீங்க, மத்த செல்லெல்லாம் காஞ்சுரும், பம்ப்பும் கரண்டைத் தின்னும்.

காத்து சானல் டிசைன் பத்தி ஒரு வார்த்தை. நம்ம பக்கத்து பெரிய வீட்டு முத்தத்துல நாலு பக்கக் கூரைத் தண்ணியும் வந்து விழுந்து ஒரே தூம்பு வழியா வெளிய போகும், அந்தத் தூம்புல எல அடைச்சா தண்ணி வேற வழி தேடிக்கும், தாழ்வாரத்துல ஏறும், ஆனா அடைச்ச எல அங்கயேதான் கெடக்கும். பேரலல் சானல்ல நடக்கிறது இதுதான். பத்து சானல்ல ஒண்ணு அடைச்சா காத்து மத்த ஒம்பதுல சொகமா போயிரும், அடைச்சதைத் தள்ள யாரும் இல்ல, அந்தப் பகுதி செத்துக் கெடக்கும். பாம்பு மாதிரி வளைஞ்சு போற ஒத்தைச் சானல்ல காத்துக்கு வேற வழி இல்ல, சொட்டைத் தள்ளித்தான் ஆகணும், அதுக்கு விலை ஜாஸ்தி அழுத்தம், பெரிய பம்ப். நீங்களே பிளேட் வெட்டுறீங்கன்னா சின்ன செல்லுக்கு வளைஞ்ச சானலே போதும்.

வெளிய போற துவாரம் கீழ பாத்து இருக்கட்டும், ஓசி புவியீர்ப்புன்னு சொன்னேன்ல அது இதான். ஸ்டாக்கைப் படுக்க வைக்கிறதா நிக்க வைக்கிறதான்னு மேனுவல்ல படம் இருக்கும், அழகுக்காகத் திருப்பி வைக்காதீங்க.

கார்பன் பேப்பர்ல டெஃப்லான் பூசியிருப்பாங்க, தண்ணி ஒட்டாம உருண்டு போகணும்னு. போல்ட்டை ரொம்ப முறுக்குனா அந்தப் பேப்பர் நசுங்கி ஓட்டையெல்லாம் அடைஞ்சுரும், அதுக்கப்புறம் எவ்வளவு காத்து அடிச்சாலும் தண்ணி நிக்கும். எவ்வளவு முறுக்குறோம்னு அளந்து காட்டுற டார்க் ரென்ச் இல்லாம ஸ்டாக்கைப் பிரிச்சு மாட்டாதீங்க, கைக்கணக்கு இங்க செல்லாது.

அஞ்சாவது: ஆனோடு பர்ஜ், இங்க விளையாட்டு வேண்டாம்

சின்ன ஸ்டாக்ல ஆனோடு வெளிய போற பக்கம் ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது கரண்ட்ல தொறந்து மூடுற வால்வு, மூடியே இருக்கும், ஹைட்ரஜன் வீணாகக் கூடாதுன்னு. கேத்தோடுலேருந்து ஊறி வர்ற தண்ணியும், காத்துலேருந்து மெம்ப்ரேன் வழியா கசியிற நைட்ரஜனும் அங்க சேரும். அதனால குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை வால்வு ஒரு நொடிக்கும் கம்மியாத் தொறந்து மூடும், சேர்ந்ததெல்லாம் வெளிய போகும், இதைத்தான் பர்ஜ்னு சொல்றது. 'டிக்'னு சத்தம் கேக்கும், வோல்டேஜ் கொஞ்சம் துள்ளும். மேனுவல்ல சொன்ன இடைவெளியில ஆரம்பிங்க, ஒவ்வொரு பர்ஜுக்கும் வோல்டேஜ் பெருசா துள்ளுதுன்னா இடைவெளி நீளமா இருக்குன்னு அர்த்தம், குறைங்க. துள்ளலே இல்லைன்னா ஹைட்ரஜனை வீணாக்குறீங்க.

ஆனோடுல வெள்ளம் கேத்தோடு வெள்ளத்தை விட மோசம். ஹைட்ரஜன் கிடைக்காத செல்லை மத்த செல்லெல்லாம் சேந்து வலுக்கட்டாயமா கரண்ட் ஓட்ட வைக்கும், அந்த செல்லோட வோல்டேஜ் நெகட்டிவ் ஆகி, கார்பனையே அரிச்சுத் தின்ன ஆரம்பிக்கும், அது திரும்ப வராது. எந்த செல்லாவது 0.4க்குக் கீழ வந்தா லோடைக் குறைங்க, பூஜ்யத்தைத் தொடுறதுக்குள்ள லோடை கட் பண்ணிருங்க. தானா கட் ஆகுற மாதிரி ஒரு ரிலே வச்சிட்டா நிம்மதி.

பர்ஜ்ல வர்றது ஹைட்ரஜன், மறந்துறாதீங்க. காத்துல 4 சதவீதத்துலேருந்து 75 சதவீதம் வரைக்கும் எரியும், நிறம் இல்ல, வாசனை இல்ல, நேரா மேல ஏறும். சீலிங் ஒசரமா இருக்கு, பயமில்லைன்னு சிலர் சொல்றாங்க, மேல வென்ட் இல்லாத ஒசரமான சீலிங்லதான் அது போய்த் தங்கும். பர்ஜ் குழாயைச் சுவத்துக்கு வெளிய, தலைக்கு மேல, சுவிட்ச் போர்டுக்கும் ஏசி அவுட்டோருக்கும் தள்ளி விடுங்க. நுனியைத் தண்ணிக்குள்ள ஆழமா முக்காதீங்க, அழுத்தம் எதிர்த்து நிக்கும், தண்ணி உள்ளயும் ஏறலாம். ஹைட்ரஜன் டிடெக்டர் ஒண்ணு சீலிங் பக்கத்துல கட்டாயம் இருக்கணும்.

வறட்சின்னா என்ன பண்றது

காத்தை ஸ்டாய்க் 2 கிட்ட கொண்டு வாங்க, சூட்டைக் குறைங்க. அதுலயும் சரியாகலைன்னா வர்ற காத்தை பப்ளர், அதாவது தண்ணிக்குள்ள குமிழியா விடுற பாட்டில், வழியா விட்டு ஈரமாக்கணும். பப்ளருக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல உள்ள குழாய்க்கு ஹீட்டிங் டேப் சுத்துங்க, இல்லைன்னா ஏசி ரூம்ல அந்தக் குழாயிலேயே ஆவி குளிர்ந்து, வறட்சிக்கு வைத்தியம் பண்ணப் போய் சொட்டுச் சொட்டா வெள்ளத்தை நீங்களே அனுப்புவீங்க. ஸ்டாக்குக்கு ஒட்டி ஒரு சின்ன தண்ணிப் பொறி, அதாவது சொட்டு விழுந்து தங்குற பாட்டில், வைக்கிறதும் நல்லது. ஓப்பன் கேத்தோடு ஸ்டாக் சிலதுல கன்ட்ரோலரே மில்லிசெகண்டு கணக்குல ஷார்ட் பண்ணி, உள்ளயே தண்ணி உருவாக்கி மெம்ப்ரேனை நனைக்கும். அதைக் கன்ட்ரோலர் செய்யட்டும், நீங்க வயரை வச்சு முயற்சி பண்ணாதீங்க.

பப்ளர்ல ஊத்துறது டீஅயனைஸ்டு வாட்டர் மட்டும். காரைக்குடி சம்பை ஊத்துத் தண்ணி நம்ம வாய்க்கு எவ்வளவு ருசியோ, அந்த ருசிக்குக் காரணமான உப்புங்கதான் மெம்ப்ரேனுக்கு விஷம். கால்சியம், சோடியம் எல்லாம் புரோட்டான் உக்கார வேண்டிய இடத்துல போய் உக்காந்துக்கும், இரும்பு வந்தா மெம்ப்ரேனையே சிதைக்கும். பேட்டரி தண்ணின்னு கடையில விக்கிறதை வாங்குனா கண்டக்டிவிட்டி மீட்டர் வச்சு அளந்துட்டு, சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமென்ஸ் கிட்ட இருந்தா ஊத்துங்க. இரும்புப் பைப், இரும்பு ஃபிட்டிங் எதுவும் ஈரக் காத்து போற வழியில வேண்டாம்.

வெளிய இருந்து ஈரம் கொடுக்காமலே ஓட்ட முடியாதான்னு கேட்டா, முடியும். 2014ல வந்த டொயோட்டா மிராய் கார்ல தனி ஹியூமிடிஃபயரே கிடையாது, ஆனோடு பக்கத்து ஹைட்ரஜனைச் சுத்தி விட்டு, கேத்தோடுல உருவான தண்ணியையே உள்ளுக்குள்ள பகிர்ந்துக்குது. டேஷ்போர்டுல தண்ணியை வெளியேத்த ஒரு பட்டன் கூட வச்சிருந்தாங்க. அது பெரிய கன்ட்ரோல் வேலை, மொத ப்ராஜெக்ட்லயே அங்க போக வேண்டாம். ஆசை இருந்தா காரைக்குடியிலயே சிக்ரி இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948ல அடிக்கல் நட்டு 1953ல தொறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எலக்ட்ரோகெமிஸ்ட்ரி படிக்க வெளியூர்க்காரங்க தேடி வர்ற இடம், நாம பஸ்ல அதைத் தாண்டிக்கிட்டே இருக்கோம்.

நிறுத்துறதும் எடுத்து வைக்கிறதும்

லோடை எடுத்ததும் உடனே எல்லாத்தையும் மூடிட்டுக் கிளம்பாதீங்க. ஸ்டாக் சூடா இருக்கும்போதே கேத்தோடுல காத்தைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க, வெளிய ஹோஸ்ல சொட்டு வர்றது நிக்கிற வரைக்கும். ஆனோடுக்கு நைட்ரஜன் சிலிண்டர் இருந்தா அதை விட்டு வெளியேத்துங்க, ஆனோடுல காத்தை விடாதீங்க. மீட்டர் இருந்தா ரெசிஸ்டன்ஸ் லேசா ஏற ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்துங்க, அதுக்கு மேல காய வைக்க வேண்டாம். நம்ம ஊர்ல உறைஞ்சு போற பயம் இல்ல, குளிர் நாட்டு மேனுவல்ல எழுதியிருக்கிற மாதிரி எலும்பு வரைக்கும் காய வைக்கிற வேலை நமக்கு இல்ல.

வெயில் கால லீவுக்குப் போறீங்கன்னா நாலு துவாரத்தையும் மூடி போட்டு அடைச்சு, ஜிப் கவர்ல போட்டு, வெயில் படாத அறையில வைங்க. அக்னி நட்சத்திரத்துல ஓட்டு வீட்டு மாடியில தொறந்து வச்ச ஸ்டாக் ஆனியில எடுக்கும்போது மொறுமொறுன்னு இருக்கும். அப்படி ஆயிருந்தா உடனே முழு லோடு ஏத்தாதீங்க, குறைஞ்ச கரண்ட்ல, காத்தைக் கம்மியா வச்சு, செல் வோல்டேஜ் ஏறி நிலைக்கிற வரைக்கும் ஓட்டுங்க, அதுவே தண்ணியை உருவாக்கி அதுவே நனைச்சுக்கும். அப்புறம் ஒவ்வொரு ஆம்பா ஏத்துங்க, ஏத்துற ஒவ்வொரு படியிலயும் எல்லா செல்லோட வோல்டேஜையும் நோட்டுல எழுதுங்க, அடுத்த மழைக்கு எந்த செல் மொதல்ல விழும்னு அந்த நோட்டுலயே தெரியும்.